மாலைக் கச்சேரித் தொண்டை

1974 கார்த்திகை, ஒரு செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டு மணி. திருவண்ணாமலை அருணை சங்கீத சம்ரட்சண சபையின் மேடையில் கீழ்பென்னாத்தூர் தருமன் முதல் முறையாக உட்கார்ந்தான்.

தீபத் திருவிழாக் காலம். மண்டபம் நிறைந்திருந்தது. வந்திருந்தவர்கள் எல்லோரும் படுத்திருந்தார்கள். மலை சுற்றிவிட்டு வந்தவர்கள். மூட்டையைத் தலைக்கு வைத்து, துண்டால் முகத்தை மூடியிருந்தார்கள். நாற்காலிகள் மாலையில்தான் போடப்படும்.

தருமன் கல்யாணி ராகத்தை எடுத்தான். மேல் ஸ்தாயிக்குப் போனபோது மேடைக்குப் பக்கத்தில் ஒருவர் துண்டை விலக்கினார்.

"சாமி, கொஞ்சம் மெதுவா," என்றார். "கால் நோவுது."

தருமன் மெதுவாகப் பாடினான். ராஜேந்திரன் மெதுவாக மிருதங்கம் வாசித்தான். ராஜேந்திரனுக்குத் தபால் ஆபீஸில் வேலை. பகலெல்லாம் தபால்தலைமீது முத்திரை குத்துகிற கை. அரை நாள் லீவு போட்டுவிட்டு நண்பனுக்காக வந்திருந்தான்.

கச்சேரி முடிந்ததும் சபையின் காரியதரிசி கோதண்டராமன் மேடைக்கு வந்தார். தாலுகா ஆபீஸில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். தருமனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அருமை. ஒரு பிசிறு இல்லை. மூணு ஸ்தாயியிலயும் குரல் பேசுது."

"ரொம்ப சந்தோஷம் சார்."

"அதான் கொஞ்சம் கவலையா இருக்கு," என்றார் கோதண்டராமன்.

தருமனுக்குப் புரியவில்லை. சென்னையில் நான்கு வருடம் சங்கீதம் படித்தவன். அங்கே யாரும் இப்படிக் கவலைப்பட்டதில்லை.

"சாயங்காலம் நெடுங்குணம் ராமகிருஷ்ணன் அண்ணா பாடறார். இருந்து கேளுங்க. புரியும்."

தருமன் இருந்தான். மாலையில் நாற்காலிகள் வந்தன. படுத்திருந்தவர்கள் எழுப்பி அனுப்பப்பட்டார்கள். வழக்கறிஞர்கள், மண்டிக்காரர்கள், அரிசி ஆலை முதலாளிகள் குடும்பத்துடன் வந்து உட்கார்ந்தார்கள். நெடுங்குணம் ராமகிருஷ்ணன் கழுத்தில் இரண்டு மஃப்ளர்களுடன் வந்தார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். கோதண்டராமன் ஒலிபெருக்கி முன் போனார்.

"இன்று வித்வான் அவர்களுக்குச் சாரீரம் சுத்தமாக இல்லை என்பதைப் பெருமகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

கைத்தட்டல்.

"சென்ற ஆண்டு கீழ் ஸ்தாயியில் ஏதோ கொஞ்சம் இருந்தது. அதையும் இந்த ஆண்டு நமக்காகத் தியாகம் செய்துவிட்டார்."

கைத்தட்டல் கூடியது. ராமகிருஷ்ணன் அடக்கத்துடன் தலை குனிந்தார். பிறகு வாயைத் திறந்தார். காற்று வந்தது. வலது கை மேலே போய், சுழன்று, நடுங்கி, இறங்கியது. வயலின்காரர் கை போன வழியில் போனார். முன்வரிசை தலையாட்டியது.

தருமன் தன் காதைத் தட்டிப் பார்த்தான். பக்கத்தில் ஒரு வழக்கறிஞர் கண்களை மூடியிருந்தார்.

"சார், உங்களுக்குக் கேக்குதுங்களா?"

"என்னப்பா கேள்வி? தோடி."

"எங்கங்க?"

"அவர் கையைப் பாரு."

தருமன் கையைப் பார்த்தான். கை தோடியாகவும் இருக்கலாம். வண்டிக்காரனுக்கு வழி காட்டுவதாகவும் இருக்கலாம். பின்னால் ஒருவர் அழுதார்.

முடிவில் கோதண்டராமன் பாராட்டிப் பேசினார்.

"குரல் இருக்கிறவன் பாடினால் அவன் பாடுவதைத்தான் நாம் கேட்க வேண்டும். வேறு வழி கிடையாது. அண்ணா பாடினால் அப்படியா? அவர் இடத்தைக் காட்டுகிறார். நாம் நம் மனசுக்குள் பாடிக்கொள்கிறோம். ஒருவருக்கும் தப்பு வருவதில்லை. இதில் யார் பெரியவர்? நான் சொல்லத் தேவையில்லை. நாம்தான்."

சபைக்கு இந்தப் பழக்கம் வந்ததற்குக் காரணம் உண்டு. சபை தொடங்கிய வருடம் ஒரு பெரிய வித்வான் வந்தார். வந்த இடத்தில் ஜலதோஷம். பாட முடியாமல் பாடினார். தலைமை தாங்க வேலூரிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வந்திருந்ததால் யாரும் எழுந்து போகவில்லை. அதிகாரி தலையாட்டினார். அன்றிலிருந்து சபைக்கு அதுதான் சங்கீதம். விதிகளும் எழுதிக்கொண்டார்கள். தெளிவான தொண்டைக்குப் பிற்பகல் இரண்டு மணி. கரகரப்பு வந்தவருக்கு நான்கு மணி. அவர் ஒரு மஃப்ளரை மடித்து மடியில் வைத்துக்கொள்ளலாம். தொண்டை போனவருக்கு மாலை ஆறரை. மஃப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொள்ளலாம்.

தருமன் அன்றிரவே கீழ்பென்னாத்தூர் போய்ச் சேர்ந்தான். மனைவி எல்லம்மாள் சோறு போட்டாள்.

"எப்பிடிங்க போச்சு?"

"நல்லாத்தான் போச்சு. ஜனங்க தூங்குனாங்க."

"பாவம், நடந்து வந்தவங்க." கொஞ்சம் குழம்பு ஊற்றினாள். "இன்னா பாட்டு பாடுனீங்க?"

அவன் சொன்னான். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தருமன் விடியற்காலையில் கிணற்றடியில் சாதகம் செய்வான். அந்த நேரம் அவள் மாடு கறப்பாள். கேட்டதெல்லாம் ஒரே எழுத்து.

"கட்டிக்கிட்டு வந்ததில இருந்து 'ஆ'ன்னுதாங்க கேட்டுக்கினு இருக்கேன். அதுக்கு அப்புறம் இன்னா வரும்?"

"இப்பவே பாடிக் காட்டட்டா?"

"வீட்டுல வேணாங்க. வீட்டுல கேட்டா கையில எதையாவது தேய்ச்சுக்கிட்டேதான் கேப்பேன். நாலு பேரு மாதிரி நாற்காலியில குந்தி, கையைச் சும்மா வச்சுக்கினு, ஒரு பாட்டு முழுசா கேக்கணும். ஒரே ஒரு தபா."

"மதியம் வாயேன்."

"மதியம் களையெடுப்பு. நாலு மணிக்கு மாடு கறக்கணும். சொசைட்டியில பால் ஊத்திட்டு வர்றதுக்குள்ள அஞ்சரை. அதுக்கு மேல கூப்பிடுங்க, ஓடி வர்றேன்."

ஆக, தருமனுக்கு மாலைக் கச்சேரி வேண்டும். காரணம் அவ்வளவுதான்.

அடுத்த வருடம் அவன் கோதண்டராமனிடம் கேட்டான். அவர் தொண்டைப் பரிசீலனை உபகமிட்டியைக் கூட்டினார். மண்டபத்தின் சமையல்கட்டில் கமிட்டி கூடியது. கோதண்டராமன், ஒரு வெல்ல மண்டிக்காரர், தோடியைக் கையில் கண்ட அதே வழக்கறிஞர். மண்டிக்காரர் டார்ச் விளக்கைப் பிடித்தார்.

"வாயைத் திறங்க."

திறந்தான்.

"'ஆ' சொல்லுங்க."

சொன்னான். வழக்கறிஞரின் முகம் மலர்ந்தது. பிறகு அவர் சுதாரித்துக்கொண்டு தலையைத் தொங்கப்போட்டார்.

"மறைச்சு என்ன பிரயோஜனம்?" என்றார். "நல்லா இருக்கு."

"சின்னதா ஒரு சிவப்பு கூட இல்லையே," என்றார் மண்டிக்காரர். "என் தொண்டையே இதைவிட மேல்."

"மனசை விட்டுடாதீங்க தருமன்," என்றார் கோதண்டராமன். "எல்லாருக்கும் ஒரு நாள் கெடும். ராமகிருஷ்ணன் அண்ணாவே அம்பது வயசு வரைக்கும் கஷ்டப்பட்டவர்தான். அவருக்கும் குரல் இருந்தது. நாங்க வெளியில சொல்றதில்லை."

"சீக்கிரமா ஆகறதுக்கு ஏதாச்சும் வழி இருக்குங்களா?"

கோதண்டராமன் எழுந்து நின்றார். "கலையில குறுக்கு வழி கிடையாது," என்றார். டார்ச் அணைக்கப்பட்டது.

தபால் ஆபீஸுக்கு எதிரே டீக்கடையில் ராஜேந்திரன் இதைக் கேட்டுச் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான்.

"ஊர்ல அவனவன் தொண்டையைக் காப்பாத்த பாடு படறான். உனக்கு அதை ஒழிச்சுக் கட்டணும்."

"சிரிக்காதடா. வழி சொல்லு."

"பச்சை மல்லாட்டையைத் தின்னு. கொட்டை கொட்டையா தின்னு. மேல பச்சைத்தண்ணி குடி. நாலு நாள் இருமல் நிக்காது. எங்க வூட்ல பசங்களுக்கு அப்படித்தான்."

தருமன் வீட்டில் வேர்க்கடலைக்குப் பஞ்சமில்லை. தின்றான். தண்ணீர் குடித்தான். உடம்பு தேறியது. தொண்டை அப்படியே இருந்தது. மார்கழி மாதம் குச்சி ஐஸ் தின்றான். ஐஸ் விற்பவன் இரண்டு தெரு வரை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

"இன்னாங்க இது," என்றாள் எல்லம்மாள். "பனியில குந்திக்கினு ஐஸ் தின்றீங்க?"

"எல்லாம் உனக்காகத்தான்."

"எனக்கு எதுக்குங்க ஐஸ்?"

அவன் குச்சியில் மிஞ்சியதையும் கடித்தான். சபையைப் பற்றி அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

பிறகு டாக்டரிடம் போனான். காது மூக்குத் தொண்டை டாக்டர். நெற்றியில் கண்ணாடி கட்டியவர். நெடுநேரம் உள்ளே பார்த்தார். நர்சைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"புஸ்தகத்துல படம் போட்ட மாதிரி இருக்கு. உங்களுக்கு என்ன தொந்தரவு?"

"இதாங்க தொந்தரவு. கெடுத்துக் குடுக்க முடியுங்களா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். அவனை வேறு டாக்டருக்கு அனுப்பினார். அவர் மனநோய் டாக்டர். அவரும் பாடச் சொல்லிக் கேட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்றார்.

ராஜேந்திரன் அடுத்த வழி சொன்னான். பஸ் நிலையத்தில் பயணிகளைக் கூவி அழைக்கிற வேலை. அந்த வேலை பார்ப்பவர்களுக்கு ஒரே மாதத்தில் தொண்டை கிழியும். தருமன் ஒரு தனியார் பஸ்ஸுக்குக் கூவினான்.

"வேட்டவலம், வேட்டவலம், வேட்டவலம்!"

மூன்றாவது வேட்டவலம் மேல் ஸ்தாயியில் போய் நின்றது. விழுப்புரம் பஸ்ஸிலிருந்து இரண்டு பேர் மூட்டையுடன் இறங்கி வேட்டவலம் பஸ்ஸில் ஏறினார்கள். கண்டக்டர் விசாரித்தார்.

"வேட்டவலத்துல யாரைப் பார்க்கணும்?"

"யாரையும் இல்லீங்க. கூப்பிட்டது நல்லா இருந்துச்சு."

ஒரு வாரத்தில் வேட்டவலம் பஸ்ஸில் நிற்க இடமில்லை. வேட்டவலத்தில் வந்து இறங்கியவர்கள் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்கள். விழுப்புரம் பஸ்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். தருமன் வேலையை விட்டான். தொண்டை முன்னைவிடத் திறந்திருந்தது.

1977-இல் தேர்தல் வந்தது. ஒரு சுயேச்சை வேட்பாளருக்காக ஜீப்பில் ஒலிபெருக்கியுடன் தருமன் ஊர் ஊராகப் போனான். காலை முதல் இரவு வரை, "அன்பான வாக்காளப் பெருமக்களே." மக்கள் வீட்டை விட்டு வெளியே வந்தார்கள். வேட்பாளர் பேச எழுந்ததும் உள்ளே போனார்கள். ஜீப் கிளம்பியதும் மறுபடி வந்தார்கள். வேட்பாளர் டெபாசிட் இழந்தார். "என்னைத் தோற்கடித்தது எதிர்க்கட்சி இல்லை, இந்தப் பையன் தொண்டை," என்று அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

வருடங்கள் போயின. ஒவ்வொரு கார்த்திகையிலும் பிற்பகல் இரண்டு மணிக்கு தருமன் பாடினான். ஜனங்கள் தூங்கினார்கள். சிலர் வருடம் தவறாமல் அங்கேயே வந்து தூங்கினார்கள். வேறு எங்கும் இந்தத் தூக்கம் வருவதில்லை என்று அவனிடமே சொன்னார்கள். ஒவ்வொரு கார்த்திகையிலும் எல்லம்மாள் கேட்டாள்.

"இந்த வருசமும் மதியந்தானா?"

"ஆமா."

"சரி வுடுங்க. அடுத்த வருசம் பார்த்துக்கலாம்."

1980-இல் விடிவு வந்தது. பந்தல்காரன் அந்த வருடம் நாற்காலிகளைச் சீக்கிரம் கொண்டுவந்துவிட்டான். தருமன் பாடிக்கொண்டிருக்கும்போதே மண்டபத்தைக் கூட்டினார்கள். புழுதி மேடைக்கு வந்தது. தருமன் பல்லவியின் நடுவில் இருமினான். நன்றாக இருமினான். கோதண்டராமன் பின்கட்டிலிருந்து ஓடிவந்தார்.

"இன்னொரு தரம்," என்றார்.

தருமன் இருமினான்.

கோதண்டராமன் ராஜேந்திரனைப் பார்த்தார். அவர் கண்கள் ஈரமாக இருந்தன. "நான் சொன்னேன் இல்லையா? பொறுத்தார், கெட்டுது பார்."

தருமனுக்கு நான்கு மணி கொடுக்கப்பட்டது. மஃப்ளர் ஒன்று மடித்து மடியில் வைக்கப்பட்டது. எல்லம்மாளுக்கு அதில் ஒரு பயனும் இல்லை. நான்கு மணிக்கு அவள் மாட்டின் மடியில் இருந்தாள்.

நான்கு மணி வித்வானுக்கு ஒரு கடமை உண்டு. மாலைக் கச்சேரி முடிந்தபின் அவர்தான் நன்றி கூற வேண்டும். நன்றி என்பது புரவலர்களின் பெயர்களைப் பட்டத்துடன் வாசிப்பது. இதற்கு முன்பு இருந்தவர்கள் கரகரப்பில் வாசித்ததால் யார் பெயரும் யாருக்கும் விளங்கியதில்லை. தருமன் வாசித்தபோது பெயர்கள் மணியாக ஒலித்தன. புரவலர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ராமகிருஷ்ணனுக்குக் கிடைக்காத ஒன்று தருமனுக்குக் கிடைத்தது.

"இன்னொரு முறை!" என்றார் அரிசி ஆலை முதலாளி. தன் பெயரைத்தான்.

தருமன் இன்னொரு முறை வாசித்தான். மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? அவர்களும் கேட்டார்கள். அடுத்த வருடம் புரவலர்கள் பெருகினார்கள். நன்றியுரை கச்சேரியைவிட நீளமாயிற்று. சிலர் கச்சேரியை விட்டுவிட்டு நன்றியுரைக்கு மட்டும் வந்தார்கள்.

1983-இல் சபையை ஓர் இடி தாக்கியது. நெடுங்குணம் ராமகிருஷ்ணன் தன் மகன் சொல்லைக் கேட்டு, சென்னைக்குப் போய்த் தொண்டையில் ஆபரேஷன் செய்துகொண்டார். திரும்பி வந்து சபை வாசலில் ரிக்‌ஷாவிலிருந்து இறங்கினார்.

"வணக்கம் கோதண்டராமா!"

கணீரென்று தெருக்கோடி வரை கேட்டது. கோதண்டராமன் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணா, மெதுவா பேசுங்க. யாராவது கேட்டுடப் போறாங்க."

"கேக்கட்டுமே! இந்த வருஷம் மூணு ஸ்தாயியிலயும் பாடறேன் பாரு!"

அந்த ஞாயிற்றுக்கிழமை சபை இரங்கல் கூட்டம் நடத்தியது. ராமகிருஷ்ணனின் படத்துக்கு மாலை போடப்பட்டது. ராமகிருஷ்ணன் முன்வரிசையில் உட்கார்ந்து தன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம் அண்ணா இன்று நம்மிடையே இல்லை," என்றார் கோதண்டராமன். "வந்திருக்கிறார். ஆனால் இல்லை. இத்தனை காலம் எதையும் நம் காதில் திணிக்காத மனிதர். இப்போது அவர் பாடினால் பாட்டு கேட்கும் என்கிறார்கள். கேட்டால், அதில் நமக்கு என்ன வேலை? தலையை எப்போது ஆட்டுவது என்பதைக்கூட அவர்தான் முடிவு செய்வார். முப்பது வருடப் பழக்கத்தை ஒரு ஆபரேஷன் கொண்டுபோய்விட்டது. எல்லோரும் எழுந்து இரண்டு நிமிடம் மௌனம் அனுசரிப்போம்."

எல்லோரும் எழுந்தார்கள். ராமகிருஷ்ணன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்தவர் முழங்கையால் இடித்தார். அவரும் எழுந்தார். மௌனம் அனுசரித்தார்.

இரங்கல் கூட்டத்துக்கும் நன்றியுரை உண்டு. புரவலர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். எல்லோரும் இரண்டு முறை கேட்டார்கள். துக்க வீடு என்பதால் சிலர் மூன்று முறை கேட்டார்கள். விளக்கு வைக்கும் நேரத்தில், வெல்ல மண்டிக்காரரின் பெயரில் பாதியில், தருமனின் குரல் நின்றது. வாயைத் திறந்தான். காற்று வந்தது.

மல்லாட்டையாலும் ஐஸாலும் வேட்டவலத்தாலும் முடியாததை நன்றியுரை செய்துவிட்டது.

மண்டிக்காரர் பாதிப் பெயருடன் எழுந்து டார்ச்சைக் கொண்டுவந்தார். கமிட்டி அங்கேயே பார்த்தது.

"நல்ல சிவப்பு," என்றார் வழக்கறிஞர்.

"ஒண்ணு போனா ஒண்ணு," என்றார் கோதண்டராமன். அங்கேயே முடிவாயிற்று. வருகிற கார்த்திகை, மாலை ஆறரை, கீழ்பென்னாத்தூர் தருமன்.

அவன் வீட்டுக்கு வந்து கையைக் காட்டிக் காட்டிச் சொன்னான். எல்லம்மாளுக்குப் பாதி புரிந்தது.

"ஆறரைக்கா? நானு வரலாமா? நாற்காலி உண்டா?"

தலையாட்டினான்.

"அய்யோ, தொண்டை இப்பிடி ஆயிடுச்சே. இத்தோட எப்படிப் பாடுவீங்க?"

இத்தோடுதான் பாட முடியும் என்று கையால் சொல்வது எப்படி என்று தருமனுக்குத் தெரியவில்லை.

எல்லம்மாள் கஷாயம் போட்டாள். மிளகு, சித்தரத்தை, அதிமதுரம், துளசி. காலையும் மாலையும் ஒரு சொம்பு. தருமன் வாங்கிக்கொண்டு கொட்டகைப் பக்கம் போய் மாட்டுத் தொட்டியில் ஊற்றினான். தொண்டை கெட்டபடியே இருந்தது. மாடு அருமையாகக் கத்தியது.

அந்த நாள் வந்தது. எல்லம்மாள் பாலைச் சொசைட்டியில் ஊற்றிவிட்டு, புடவை மாற்றி, பஸ் ஏறி வந்தாள். மேடைக்குப் பின்னால் தருமன் மஃப்ளருடன் நின்றிருந்தான். அவள் கையில் தூக்குச் சட்டி.

"குடிங்க."

அவன் அப்புறம் என்று சைகை செய்தான்.

"அப்புறம் கிப்புறம் இல்லீங்க. வழியெல்லாம் மடியில வச்சு சூடு ஆறாம கொண்டாந்திருக்கேன். நான் பார்க்கக் குடிங்க."

அங்கே மாட்டுத் தொட்டி இல்லை. தருமன் குடித்தான். சட்டியைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் அவள் போனாள்.

இரண்டாவது வரிசையில் அவளுக்கு நாற்காலி கிடைத்தது. உட்கார்ந்தாள். கைகளை மடியில் வைத்தாள். அவற்றை என்ன செய்வது என்று தெரியவில்லை. விரல்கள் தாமாக முந்தானை ஓரத்தைச் சுருட்டின. பிறகு அதையும் விட்டாள். கை சும்மா இருந்தது. திரும்பி எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள்.

கோதண்டராமன் அறிவித்தார். சாரீரம் சுத்தமாக இல்லை என்றார். பெருமகிழ்ச்சி என்றார். கைத்தட்டல். எல்லம்மாள் தட்டவில்லை. அடுத்த நாற்காலி அம்மாளிடம் குனிந்தாள்.

"இன்னாங்க, வூட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லன்றாங்க, கை தட்டறாங்க?"

"ஷ்," என்றாள் அந்த அம்மாள்.

தருமன் காம்போதியை எடுத்தான். காற்று வந்தது. வலது கை மேலே போனது. வயலின் பின்னால் போனது. முன்வரிசை தலையாட்டியது. "பேஷ்," என்றார் வழக்கறிஞர். எல்லம்மாள் முன்னால் சாய்ந்தாள். ஒரு காதைத் திருப்பினாள். மறு காதைத் திருப்பினாள். முகம் சுருங்கியது. தருமன் அவளைப் பார்த்துக்கொண்டே கையை வீசினான்.

கொஞ்ச நேரத்தில் தொண்டையில் ஏதோ இளகியது. அடியில் ஒரு இழை கேட்டது. ராஜேந்திரன் மிருதங்கத்தின் மேல் குனிந்தான்.

"டேய். சத்தம் வருது. அடக்கு."

தருமன் அடக்கினான். மஃப்ளரை இறுக்கினான். இரண்டு முறை காற்றாகவே விட்டான். எல்லம்மாள் இன்னும் காதைத் திருப்பிக்கொண்டிருந்தாள். அவள் கை மடியில் சும்மா கிடந்தது.

தருமன் மஃப்ளரைக் கழற்றி ராஜேந்திரன் பக்கம் போட்டான். பாடினான்.

ராஜேந்திரன் ஒரு கணம் தாளத்தை விட்டான். பிறகு பிடித்துக்கொண்டான். "செத்தோம்," என்றான். ஆனால் நன்றாக வாசித்தான்.

காம்போதி மண்டபத்தை நிறைத்துக்கொண்டு தெருவுக்குப் போனது. தெருவில் மூட்டையுடன் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வாசலுக்கு வந்தார்கள். உள்ளே முன்வரிசையில் தலைகள் நின்றுவிட்டன. ஆட்ட நேரமில்லை. பாட்டு வந்துகொண்டே இருந்தது. அரிசி ஆலை முதலாளி "பேஷ்," என்றார். இடம் தப்பு. எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகம் சிவந்தது. அவருக்கு இதுவரை சபையில் இடம் தப்பியதில்லை. யாருக்குமே தப்பியதில்லை. கடைசி வரிசையில் ராமகிருஷ்ணன் தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தார்.

தருமன் ராகத்தை முடித்துப் பாட்டைத் தொடங்கினான். எல்லம்மாளுக்கு இப்போது வார்த்தைகள் கேட்டன. 'ஆ'வுக்கு அப்புறம் என்ன வரும் என்று தெரிந்தது. வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். பல்லவி வந்தது. அனுபல்லவி வந்தது.

கோதண்டராமன் மேடையேறினார். தருமன் முன்னால் இருந்த ஒலிபெருக்கியை எடுத்துத் தன் பக்கம் திருப்பினார்.

"பெரியோர்களே, தாய்மார்களே, புரவலர்களே. சபையை மன்னிக்க வேண்டும். வித்வானுக்குத் தொண்டை திடீரென்று சரியாகிவிட்டது. இது நாங்கள் எதிர்பாராதது. காலையில் கமிட்டி டார்ச் அடித்துப் பார்த்தபோது நன்றாகக் கெட்டிருந்தது. உங்களில் சிலருக்கு இடம் தப்பியதை நான் கவனித்தேன். அதற்கு நீங்கள் பொறுப்பில்லை. கச்சேரி இத்துடன் நிறுத்தப்படுகிறது. அடுத்த கார்த்திகை முதல் இவர் வழக்கம்போல் பிற்பகல் இரண்டு மணிக்குப் பாடுவார். யாரும் பதற்றப்படாமல் கலைந்து போகலாம்."

திரை இறங்கத் தொடங்கியது. பாதியில் சிக்கி நின்றது. அதற்குக் கீழே தருமன் தெரிந்தான். கை இன்னும் மேலே இருந்தது. முன்வரிசை எழுந்து செருப்பைத் தேடியது.

எல்லம்மாள் எழுந்தாள். புரவலர்களுக்கு நடுவே வழி செய்துகொண்டு மேடை ஓரத்துக்கு வந்து நின்றாள். கோதண்டராமனை அண்ணாந்து பார்த்தாள்.

"ஏங்க, பெரியவரே. மாட்டைப் பக்கத்து வூட்ல ஒப்படைச்சுட்டு ஒம்பது வருசம் கழிச்சு வந்து குந்தியிருக்கேன். பாதிப் பாட்டை வச்சுக்கினு நான் எப்பிடிங்க ஊருக்குப் போறது?"